துணைக்குப் போகிறவர் எங்கே நிற்க வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை. வீல்சேரில் வரும் அண்ணன் ஒருவருக்குத் துணையாக மனுக் கொடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து டீ குடிக்க நின்றோம். அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர், முந்திரி வாங்கி விற்பவர், மூன்று பேருக்கு வாராவாரம் கூலி கொடுப்பவர். டீ மாஸ்டர் அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "அவருக்குச் சக்கரை போடலாமா?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் "போடுங்க" என்றேன். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஆறு வருஷமா சுகர் தம்பி."

அன்று காலை முழுக்க நான்தான் உரிமை, சட்டம் என்று பேசிக்கொண்டிருந்தவன். மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாகப் போக நிறையப் பேர் புதிதாக வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், சொந்த அண்ணன் மகனுக்காக அலைய ஆரம்பித்து அப்புறம் தெருவுக்கே அலைகிறவர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். திட்டங்களின் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள், அது அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். கேள்வி யாரிடம் போகிறது, பதில் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பல வருஷம் தப்புச் செய்து கற்றுக்கொண்டது.

முதல் சந்திப்பு

முதல் நாளே கோப்பைத் திறக்காதீர்கள். சும்மா பேசுங்கள். ஒரு நாள் எப்படிப் போகிறது, அதில் எது உங்கள் இஷ்டப்படி நடக்கிறது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். குறைபாடு எப்படி வந்தது, பிறவியிலேயேவா, ஆபரேஷன் செய்தார்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. தேவைப்பட்டால் அவரே சொல்வார்.

பெரும்பாலும் பதில் அம்மாவிடமிருந்துதான் முதலில் வரும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மரியாதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு நாள் போய் மாற்றுத்திறனாளியோடு தனியாகப் பேசுங்கள். இதை நான் செய்யாமல் விட்ட கதை ஒன்று உண்டு.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பெண், சிறு வயதில் போலியோ வந்தவர். அவருடைய அம்மா, "ஒரு தையல் மிஷின் வாங்கிக் குடுத்துட்டா வீட்டோட இருந்துக்கும் தம்பி" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் அரசுத் திட்டத்தில் உண்டு, அதற்கு மனு எழுதினேன், வந்தது, படமெல்லாம் எடுத்தோம். அடுத்த வருஷம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மிஷின் மேல் மடித்த துணி முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நூல்கண்டு போட்ட இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஊசியில நூல் கோக்கறதே புடிக்காதுண்ணா. வண்டி இருந்தா நானே பண்ருட்டிக்கு வேலைக்குப் போயிருப்பேன். யாரும் கேக்கல."

'வீட்டோட இருந்துக்கும்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் இருந்தது. என் காதில்தான் விழவில்லை. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டாவது மனுவை எழுதினோம், இந்த முறை அவர் சொல்லச் சொல்ல.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுவேன். "நானே பண்ருட்டிக்குப் போகணும்" என்றால் அப்படியே. 'வாழ்வாதார உதவி வேண்டி' என்று மாற்றி எழுதுவது மனுவில் நடக்கட்டும், நோட்டில் நடக்கக்கூடாது. மூன்று மாதம் கழித்து நாம் எதற்காக அலைகிறோம் என்பது நமக்கே மறந்துவிடும். அப்போது அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

பேசும் விதம்

பார்வையில்லாதவரிடம் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், வேகம் அவருடையது. வீல்சேரின் பின்பக்கக் கைப்பிடியைக் கேட்காமல் தொடாதீர்கள். காதுகேளாதவரோடு சைகை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் காதுகேளாதவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இவையெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

பழகாதது காத்திருப்பதுதான். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு தம்பியோடு நான் பேசும்போது, ஒரு வாக்கியம் முடிய அரை நிமிஷம் ஆகும். முதல் சொல் வந்ததும் மீதி நமக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும், நாமே முடித்து வைத்துவிடுவோம். அவர் களைத்துப்போய்த் தலையாட்டிவிடுவார். ஒருமுறை அவர் "எனக்கு... பேங்க்ல..." என்று ஆரம்பித்தார். "பணம் எடுக்கணுமா?" என்றேன். தலையாட்டினார். வங்கி வாசல் வரை போன பிறகுதான் தெரிந்தது, அவர் சொல்ல வந்தது "எனக்கு பேங்க்ல வேலைக்குப் பரீட்சை எழுதணும்." பரீட்சை விஷயம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: தகுதியுள்ளவருக்குப் பரீட்சை எழுதித் தர ஒருவர் உண்டு, மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நான் அவரைப் பணம் எடுக்கக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் இன்னொரு கவனம் வேண்டும். "இது வேணும்தானே?" என்று கேட்டால் பலர் ஆமாம் என்பார்கள். ஆமாம் சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கப்பட்டிருப்பார்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால் உங்கள் கேள்வி சரியில்லை என்று அர்த்தம். வாயால் கேட்பதைவிடக் காட்டுவது நல்லது. பயிற்சி மையம் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒருமுறை கூட்டிப் போங்கள். எந்த வாசலில் முகம் மலர்கிறது என்று பாருங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை, யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவ மதிப்பீடு முடிந்து வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 தான் இருந்தன. அதனால் முன்பு 'உங்களுக்கு இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வாய்ப்பிருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது எல்லைக்கோடு.

நம் ஊர்ப்பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. கடலூரில் பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. கன்னியக்கோயிலில் வீடு, கடலூரில் வேலை, ஜிப்மரில் வைத்தியம் என்று இருப்பவர்கள் ஏராளம். யூடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும். ஆனால் உதவித்தொகை அந்தந்த அரசுடையது. ஆதார் முகவரி கடலூர் மாவட்டம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், புதுச்சேரி என்றால் அங்குள்ள சமூக நலத்துறை. தொகையும் விதியும் வேறுவேறு. முகவரியைப் பார்க்காமல் ஒருவரை வரிசையில் அரை நாள் நிற்க வைத்துவிடாதீர்கள்.

கவுன்ட்டரில்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அவருக்கு ஒரு அடி பின்னால், பக்கவாட்டில். அவர் திரும்பினால் உங்களைப் பார்க்க முடிய வேண்டும். அதிகாரி நிமிர்ந்தால் முதலில் அவர் முகம் தெரிய வேண்டும். கோப்பு அவர் மடியில் அல்லது கையில் இருக்கட்டும். கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் அதிகாரி பேசுவார், இது எந்த அலுவலகத்திலும் மாறாத விதி.

அப்படி இருந்தும் கேள்வி உங்களிடம் வரும். "இவர் பேரு என்ன?" என்று உங்களைக் கேட்பார்கள். பதில் சொல்லாமல் அவரைப் பாருங்கள். அவ்வளவுதான். இரண்டு விநாடி சங்கடமாக இருக்கும், அதற்குள் அதிகாரியின் பார்வையும் அவர் பக்கம் போய்விடும். போகாவிட்டால், "சார், அவரையே கேளுங்க, சொல்லுவாரு" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அந்த அதிகாரி பெரும்பாலும் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் பழக்கிவிடவில்லை.

ஆனால் சில நேரம் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். பார்வையற்ற ஆசிரியை ஒருவரோடு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன், செக் புத்தகம் கேட்க. ஊழியர் மைப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார். ஆசிரியை கையெழுத்துப் போடுகிறவர், நேர்த்தியான கையெழுத்து. "இவங்களுக்கு செக் புக் குடுக்கறதில்லைங்க, ரிஸ்க். ஜாயின்ட் அக்கவுன்ட்டா மாத்திக்குங்க" என்று என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் ஆசிரியை பேசினார். பார்வையற்றவர்களுக்கு செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர், இணைய வங்கி எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது என்றார். "மறுக்கறீங்கன்னா காரணத்தை எழுதிக் குடுங்க" என்றார். மைப்பெட்டியை விரலால் தேடி, மூடி, திருப்பி நகர்த்தி வைத்தார். மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். செக் புத்தகம் பத்து நாளில் வீட்டுக்கு வந்தது.

அன்று நான் செய்தது ஒரே ஒரு வேலை: முந்தின நாள் இரவு அந்தச் செய்தியைக் கண்டுபிடித்து அவருக்குப் படித்துக் காட்டியது. விவரத்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள், கவுன்ட்டரில் அவர் பேசட்டும்.

'எழுதிக் குடுங்க' என்ற அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதிக் கதவுகள் அதிலேயே திறக்கும். மீதிக் கதவுக்குத்தான் மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள், மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். நான்கு கோரிக்கை எழுதினால் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும். வழக்கு வரை போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வீட்டில்

அலுவலகத்தைவிடக் கடினம் வீடுதான். அங்கே எதிராளி யாரும் இல்லை. பிள்ளைக்காக முப்பது வருஷம் தூக்கமில்லாமல் இருந்த அம்மாதான் இருக்கிறார். அவரிடம் போய் 'உங்கள் மகனுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது' என்று பேச ஆரம்பித்தால் அடுத்த முறை கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. அவருடைய பயம் என்ன என்று முதலில் கேளுங்கள். 'எனக்கப்புறம் யார் பார்ப்பார்கள்' என்பதுதான் முக்கால்வாசி பயம். அதற்குப் பதில் சொல்லாமல் உரிமை பேசி ஒரு பயனும் இல்லை.

ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 சட்டத்தின் 13-ஆவது பிரிவு: சொத்து வைத்துக்கொள்ளவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும், கடன் பெறவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு. துணை நிற்பவர் தன் விருப்பத்தைத் திணிக்கக்கூடாது. பண விஷயத்தில் துணை நிற்பவருக்கும் அவருக்கும் நலன் மோதினால் துணை விலகிக்கொள்ள வேண்டும். துணையை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதாவது உங்களையும். 14-ஆவது பிரிவு பாதுகாவலர் பற்றியது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர். 'கார்டியன் வாங்கியாச்சு, இனி எல்லாம் நாங்கதான்' என்று உறவினர் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

உடம்பு விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண் கர்ப்பமாக இருந்தார். கலைத்துவிட நிர்வாகம் விரும்பியது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். அவர் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. நம் ஊரில் இவ்வளவு தூரம் போகாது, பேச்சுவாக்கில் முடிந்துவிடும். "கர்ப்பப்பையை எடுத்துட்டா மாசாமாசம் தொல்லை இல்ல பாருங்க" என்று ஒரு உறவினர் என்னிடம் சர்வசாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் பக்கத்து அறையில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பெற முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அவருடைய சம்மதம் வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. இந்த மாதிரி பேச்சு காதில் விழுந்தால் சிரித்து நகர்ந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே அடி, பட்டினி, பூட்டி வைப்பது என்று தெரிந்தால் அது வேறு விஷயம். 2016 சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட், தாசில்தார் போன்றவர்) யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். அப்போதும் பாதிக்கப்பட்டவரிடம் முதலில் பேசுங்கள். எங்கே போக விரும்புகிறார், யாரோடு இருக்க விரும்புகிறார் என்று தெரியாமல் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டால், ஒரு பூட்டிலிருந்து எடுத்து இன்னொரு பூட்டுக்குள் போட்டதாகத்தான் ஆகும்.

உங்களுக்குப் பிடிக்காத முடிவு

இது வரும், கண்டிப்பாக வரும். டீக்கடை அண்ணன் ஒருமுறை சேமிப்பு முழுக்கப் போட்டு இன்னொரு லோடு முந்திரி வாங்கினார். விலை இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன், ஒரே ஒரு முறை. கேட்டுக்கொண்டார், வாங்கினார், நஷ்டம். "நான் சொன்னேனே" என்று நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் தெருவில் அந்த வருஷம் நஷ்டப்பட்ட முந்திரி வியாபாரிகள் இன்னும் நான்கு பேர். அவர்கள் யாரையும் தனியாக முடிவெடுக்க விட்டிருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

என் கணக்கு இதுதான்: தெரிந்த விவரத்தை மறைக்காமல் சொல், அபாயத்தைச் சொல், புரிந்ததா என்று பார், பிறகு வாயை மூடு. பயமுறுத்தி மனதை மாற்றுவது திணிப்பு. விவரத்தைப் பாதியாகச் சொல்வதும் திணிப்புதான், கொஞ்சம் நாகரிகமான திணிப்பு.

புயலுக்கு முன்

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் முடியாது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளமும். ஒவ்வொரு முறையும் மாற்றுத்திறனாளிகளை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உயிர் பிழைப்பார், வீல்சேர் வீட்டிலேயே கிடக்கும். முகாமில் பத்து நாள் ஒரே இடத்தில், கழிப்பறைக்கு யாரையாவது கெஞ்சிக்கொண்டு.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். எந்த முகாம், அல்லது எந்த உறவினர் வீடு? யார் தூக்கலாம், எப்படித் தூக்க வேண்டும்? (தேவனாம்பட்டினத்தில் ஒரு அக்கா, "பக்கத்து வீட்டுப் பையனுங்க வேணாம், என் நாத்தனார் போதும்" என்றார். யாராவது முன்பே கேட்டிருந்தால்தானே தெரியும்.) கூடவே என்ன வர வேண்டும்: ஊன்றுகோல், காது கருவியும் அதன் பேட்டரியும், மாத்திரை, அசல் அட்டைகள். பேரிடரில் பாதுகாப்பு 2016 சட்டத்தின் 8-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இந்தத் தாளின் ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து வையுங்கள்.

ஓட்டு

வாக்குச்சாவடியில் பார்வையற்றவரோ உடல் இயலாதவரோ 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். யார் என்பதை வாக்காளர்தான் முடிவு செய்வார். ஒருவர் ஒரே நாளில் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும், ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். இயந்திரத்தில் பிரெய்ல் இருக்கிறது, அதனால் முதலில் "துணை வேணுமா?" என்றே கேளுங்கள். நான் கேட்டபோது ஆசிரியை, "வாசல் வரைக்கும் வா, உள்ள நான் பாத்துக்கறேன்" என்றார்.

விலகும்போது

வேலை மாறும், கல்யாணம் ஆகும், சென்னைக்குப் போவீர்கள். போகுமுன் செய்ய வேண்டியது இரண்டு. அசல் காகிதங்கள் எல்லாம் அவர் கைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கைபேசி எண். அவசரத்துக்கு யூடிஐடி விண்ணப்பத்திலும் வங்கியிலும் நம் எண்ணைக் கொடுத்துவிடுவோம், ஓடிபி நமக்கு வரும், சௌகரியமாக இருக்கும். நாம் போன பிறகு அவர் தன் கணக்கைத் தானே திறக்க முடியாது. நான் விட்டுப்போன ஒருவருக்கு இரண்டு வருஷம் கழித்தும் ஓடிபி என் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் என்னைக் கூப்பிட்டு, நான் மீட்டிங்கில் இருந்தால் காத்திருந்து, எண்ணைக் கேட்டு வாங்கினார். மாற்றிக் கொடுக்க ஒரு நாள் லீவு போட்டுக் கடலூர் வந்தேன். கவுன்ட்டரில் அவர்தான் பேசினார். புது எண்ணுக்கு முதல் ஓடிபி வந்ததும் திரையை என் பக்கம் காட்டாமல் தானே தட்டினார்.